செவி பயின்ற இலக்கணம்

தமிழ்நாட்டுச் சிறுவர்கள் சொல்லும் இலக்கணமும் கற்ற வரலாற்றை எழுதப் புகுவோர், கல்வி இலாகாவின் அறிக்கைகளையும் அச்சிட்ட வாசக புத்தகங்களையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டால், அவ்வரலாறு 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கிற்று என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த இலாகா தோன்றுவதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே, ஊர்தோறும் யாரேனும் ஒரு தனவந்தர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரநிழலிலோ சிறுவர்களைக் கூட்டிவைத்துத் தமிழ் கற்பித்த உபாத்தியாயர்கள் இருந்தார்கள். தென்பாண்டிச் சீமையில் அவர்களை அண்ணாவி என்று அழைப்பார்கள். பொருள் தெரியாமல் நெட்டுருப் போடவைத்தவர்கள் என்று பிற்காலத்தார் அவர்களை இகழ்ந்ததுண்டு. அந்த இகழ்ச்சியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஒரு சமூகம் எதன்மேல் எழுதுகிறதோ அதற்கேற்பவே அதன் கல்விமுறையும் அமையும் என்பதை நினைவிற் கொண்டு பார்ப்போமானால், ஓலையில் எழுதிய காலத்தில் பாடம் செவியை நம்பி நடந்ததும், அச்சு வந்த காலத்தில் அது கண்ணை நோக்கித் திரும்பியதும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல என்பது விளங்கும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு விஜயதசமி நாளிலோ வேறு சுபதினத்திலோ வித்தியாரம்பம் செய்விப்பார்கள். பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து உபாத்தியாயர் முதலெழுத்தை எழுதுவிப்பார். அதன்பின் பல மாதங்கள் வரையில் மணலே பலகையும் காகிதமும் ஆகும். தரையில் மணலைப் பரப்பிச் சமன்செய்து, சுட்டுவிரலால் ஓர் எழுத்தை வரைந்து, வரைகிறபோதே அதன் பெயரை, ஆனா, ஆவன்னா என்று உரத்த குரலில் சொல்லவேண்டும். கை ஓய்ந்தாலும் வாய் ஓயக்கூடாது. விரல் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். இடக்கையில் ஏட்டைப் பிடித்து, அக்கையின் கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கவைத்து, ஏட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே எழுதும் வித்தை எளிதில் வந்துவிடாது. எழுதி முடித்த ஏட்டில் ஊமத்தையிலைச் சாறும் கரியும் மஞ்சளும் தடவித் துடைத்தால்தான், கீறிய கோடுகள் கறுத்துக் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு பாடுபட்டு ஆயத்தம் செய்ய வேண்டிய ஏட்டை, பிள்ளைக்கொன்று வீதம் பாடந்தோறும் கொடுக்க எந்த உபாத்தியாயராலும் இயலாது. ஆதலால் பாடம் முதலில் மனத்தில் ஏறிற்று. ஏட்டில் ஏறியது பிறகுதான்.

ஏட்டில் எழுதியதைப் படிப்பதும் இக்காலத்துப் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் ஓலையில் பெரும்பாலும் இல்லை. கூரிய முனையால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஏடு பொத்துப்போகும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேற்றுமை கிடையாது. ஆகார நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றுபோலவே காணப்படும். இந்நிலையில் ‘பொன’ என்று ஏட்டில் இருப்பதைப் பொன் என்று படிப்பதா, போன என்று படிப்பதா என்பதை எழுத்து அறிவிக்காது, இடம்தான் அறிவிக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெளி இல்லை. செய்யுளின் அடிகளும் தனித்தனி வரியாகப் பிரிக்கப்படாமல் ஏட்டின் ஓரம் வரையில் தொடர்ந்து ஓடும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி என்னும் அடையாளங்களை அக்காலத்து ஏடுகள் அறியா.

அப்படியானால் எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்பதை அக்காலத்துச் சிறுவன் எவ்வாறு தெரிந்துகொண்டான்? எதுகையும் மோனையும் சீரும் தளையுமே அவனுக்கு அறிவித்தன. இரண்டாம் எழுத்து ஒத்து வந்த இடத்தில் புதிய அடி தொடங்கிற்று என்பதை அவன் செவி உணரும். ஓசை நிறைந்த இடத்தில் நாக்கு தானே நிற்கும். வாக்கியத்தின் முடிவையோ வினைமுற்று காட்டிக்கொடுக்கும். ஆகார ஓகார இடைச்சொற்களும் எகர வினாவும் இருக்கையில், கேள்வியென்று அறிய வேறொரு குறி வேண்டியதில்லை. எழுத்து ஒன்றாயிருந்து பொருள் இரண்டாகும் புணர்ச்சிகளை, உச்சரிக்கும் ஓசை வேறுபாட்டால்தான் தெளியவேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘செம்பொன்பதின்றொடி’ என்பது. தொடி என்பது ஒரு நிறை. ‘செம்பொன்’ என்று நிறுத்தி மேலே படித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். ‘செம்பு’ என்று நிறுத்தினால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. குரல் நிற்கும் இடம் மாறியவுடன் பொன் செம்பாகிவிடுகிறது. நிறுத்தக் குறி எதற்காக வேண்டும் என்று கேட்கும் இக்காலத்துப் பிள்ளைக்கும் இதைவிடச் சிறந்த உதாரணம் காட்டுவது அரிது.

இனிச் சொற்களைக் கற்பித்த விதத்தைப் பார்ப்போம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, வெற்றிவேற்கை என்னும் நீதி நூல்களையும் எண்சுவடியையும் மனனம் செய்த பிறகு, சற்று வளர்ந்த மாணாக்கனுக்கு நிகண்டு தொடங்கும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டே பள்ளிகளில் மிகுதியாக வழங்கியது. அது 12 தொகுதிகளையுடையது. தேவப்பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்துப் பொருள்களை இனம் இனமாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள பெயர்களையெல்லாம் விருத்தப்பாவில் அடுக்கிக் கூறும். யானைக்குக் களிறு, வேழம், கரி, கயம், தும்பி, கைம்மா, உம்பல் என்று பல பெயர் உண்டென்பதைப் பத்து வயதுச் சிறுவன் மூச்சுவிடாமல் சொல்லுவான். அதன் 11ஆம் தொகுதி, பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றியது. கலை என்றால் ஆண்மானும் ஆகும், ஆடையும் ஆகும், கல்வியும் ஆகும், சந்திரனின் ஒரு கூறும் ஆகும். அத்தொகுதியில் சொற்களை வரிசைப்படுத்தியிருப்பது அகர முறையில் அன்று. எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் ஒப்புமை கொண்டு. புத்தகத்தைப் புரட்டித் தேடுகிறவனுக்கு அகர வரிசை உதவும். மனத்துக்குள்ளே தேடுகிறவனுக்கு எதுகைதான் உதவும். 1732இல் சதுரகராதியை இயற்றிய வீரமாமுனிவர், பெயர், பொருள், தொகை என்று மூன்று பகுதிகளை அகர முறையில் அமைத்த பிறகும், எதுகைச் சொற்களுக்கென்று தொடையகராதியை நான்காவதாகச் சேர்த்தது, தமிழ் கற்போரின் வழக்கத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று.

சொற்செல்வத்தைப் பெருக்குவதற்கு நிகண்டைத் தவிர எளிய உபாயமும் ஒன்றிருந்தது. மாலையில் பள்ளி விடுகையில் உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பக்ஷியின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார் என்றும், மறுநாட் காலையில் வந்தவுடன் அவற்றை மறவாமல் ஒப்பிக்கவேண்டும் என்றும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் இளமைக்காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஞாபகசக்தியை விருத்தி செய்வதே அதன் நோக்கம். விளக்கு வைக்கும் வேளையில், அன்றுவரை கற்றவற்றையெல்லாம் எல்லாரும் சேர்ந்து உரக்க ஒப்பிப்பது முறை சொல்லுதல் எனப்படும். அதை நடத்துகிறவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணாக்கனாகிய அவன், சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, பாடம் கேட்பது, வராத பையனை வீட்டிற் போய்ப் பிடித்துவருவது ஆகிய காரியங்களை உபாத்தியாயருக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்வான். முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே மனிதர் வைத்துக் காலந்தள்ளியது இந்த ஏற்பாட்டினால்தான்.

இந்தத் திண்ணையை வெளிநாட்டார் இருவர் உற்றுநோக்கியது குறிப்பிடத்தக்கது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, கிழவராகிய ஓர் உபாத்தியாயரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். எண்பதாண்டுகளுக்குப் பிறகு, சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நடந்த விடுதியின் மேற்பார்வையை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒருநாள் காலையில் குதிரையேறிச் செல்லுகையில், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் புகுத்த அவர் முயன்றபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பை ஒப்புவித்தார், அவன் செய்துகாட்டினான். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறையை விவரித்து 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் பயனாக, ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து உயர்பள்ளியொன்று ‘மதராஸ் காலேஜ்’ என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்பதற்குக் காரணம், பெல் விட்டுச்சென்ற பொருளும் அவர் இங்கே கண்ட காட்சியுமே.

திண்ணையின் பெருமையைச் சொல்லும்போது அதன் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822 முதல் எடுக்கப்பெற்ற கணக்கில், மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகத் தெரிகிறது. அம்மாணாக்கர்களுள் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பெற்ற குலத்துப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. தண்டனைகளும் கொடியவை, கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் என்பதன் பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் நடுங்குவார்கள். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, தெலுங்கும் கன்னடமும் பயிற்றிய பள்ளிகளைப் பற்றியதேயாயினும், அதன் பல செய்திகள் நம் பக்கத்துக்கும் பொருந்தும். முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாமவனுக்குச் சுழி ஒன்று. மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி என்று, பிந்தி வருகிறவனுக்கெல்லாம் அடி ஏறிக்கொண்டே போகும். அவர் கூறும் பெருங்குறை வேறொன்று: நூல்கள் பேச்சு வழக்கினின்றும் விலகிய செய்யுள் நடையில் இருப்பதால், மாணவன் ஒப்பிப்பதன் பொருள் அவனுக்கும் தெரிவதில்லை, பல சமயம் ஆசிரியருக்கும் தெரிவதில்லை என்பதே அது. பின்னால் உதவும் என்று சேர்த்துவைத்த சொற்கள், பள்ளியை இடையில் விட்டுவிட்டு ஏர்பிடிக்கப் போன பிள்ளைக்கு என்றைக்குமே பொருள் காட்டாமற் போயின.

இலக்கணமோ, அந்நாளில் சிறுவர்க்குரிய பாடமாகவே கருதப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிற்றரசன் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே நெடுங்காலம் இலக்கணத்தின் நுழைவாயிலாக இருந்தது. ஆயினும் அந்நூல், நீதி நூலும் நிகண்டும் முடித்து, வித்துவானை நாடிச் சென்று பாடங் கேட்பவனுக்குத்தான். பாடம் சொல்லுதற்கும் கேட்டற்கும் உரிய முறைகளை அதன் பாயிரம் விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் வாய்மொழியைச் செவி வாயாக நெஞ்சு களனாகக் கொள்வதே அங்கே கல்வியின் இலட்சணம். ஒருமுறைக்கு இருமுறை கேட்டல் வேண்டும் என்பதையும் அது வற்புறுத்தும். சிறு பிள்ளைக்கும் இலக்கணம் உரியது என்ற எண்ணம், 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கல்விச் சங்கமும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளும் பாடபுத்தகங்களை நாடியபோதே வலுப்பெற்றது. தாண்டவராய முதலியாரும் ஜி. யு. போப்பும் எழுதிய இலக்கண நூல்கள் வினா விடை வடிவில் அமைந்தன. சூத்திரத்தின் இடத்தை வசனம் பெற்றது. எனினும், ஆசிரியர் கேட்கப் பிள்ளை மனப்பாடமாக விடை சொல்லும் முறையைத்தான் அப்புத்தகங்களும் எதிர்பார்த்தன. வாகனம் புதிதாயினும் பாதை பழையதாகவே இருந்தது.

1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்து இந்நாட்டவர் தடையின்றி அச்சியந்திரம் வைத்துக்கொள்ள வழி பிறந்த பின்னர், இத்துறையில் பெருமாறுதல் செய்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிய அவர், பின்னர்த் தமக்கு எதிர்த் தரப்பாராகிய மிஷனரிகளின் போதனாமுறையில் உள்ள அனுகூலங்களை நன்கு கண்டுகொண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், மறு ஆண்டிலேயே சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டின் உரைப்பதிப்பு என்பது கவனிக்கத்தக்கது. பழைய முறையை அவர் தூக்கியெறிந்துவிடவில்லை. அதனோடு, 1850ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய அவருடைய பாலபாடங்கள், சிறு சொல்லில் தொடங்கிச் சிறு வாக்கியத்துக்கும், அதிலிருந்து நீதிக் கட்டுரைக்கும் படிப்படியாகப் பிள்ளையை ஏற்றிச்சென்றன. இலக்கணச் சுருக்கம் என்னும் நூலில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்பவற்றோடு தொடர்மொழியதிகாரம் என்று மூன்றாவதொன்றையும் வகுத்து, வாக்கியத்தை அமைக்கும் முறையைத் தனியே போதித்தார். தமிழ் வசனத்தில் நிறுத்தக் குறிகளை ஒழுங்குபட எடுத்தாண்டவர்களுள் முதன்மையாக வைத்துப் போற்றப்படுகிறவரும் அவரே.

வசனம் பெருகிய பிறகு குறிகள் வந்தமைக்குக் காரணம் வெளிப்படை. செய்யுளில் நிற்குமிடத்தை எதுகை காட்டும். வசனத்தில் காட்டுவதற்கு யாரும் இல்லை. உபாத்தியாயர் பக்கத்தில் இருந்து ஓசையோடு படித்துக் காட்டிய ஏடு போய், முன்பின் அறியாத வாசகன் தனியே இருந்து மௌனமாகப் படிக்கும் புத்தகம் வந்தது. அவனுக்கு, நூலாசிரியரின் குரல் எங்கே தாழ்ந்தது, எங்கே நின்றது என்பதைக் கடிதாசிமேல் அறிவிக்கும் சாதனம் வேண்டியிருந்தது. ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து அந்த அடையாளங்கள் அப்படியே இறங்கின. ஆனால் அவற்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்த விதம் நம்முடையதாகவே அமைந்தது: காற்புள்ளியில் ஒரு மாத்திரை நேரம் நிற்கவேண்டும், அரைப்புள்ளியில் இரண்டு, முக்காற்புள்ளியில் மூன்று, முற்றுப்புள்ளியில் நான்கு என்று இலக்கண ஆசிரியர்கள் கணக்கு வகுத்தார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எழுத்தின் ஒலியை அளந்த அதே மாத்திரையால் மௌனத்தையும் அளந்தார்கள். கண்ணுக்காக வந்த குறியைச் செவி இவ்வாறு தன்வசமாக்கிக்கொண்டது.

அச்சுப் புத்தகத்தை விடப் பரீட்சைதான் செவியின் ஆட்சியை அதிகமாகக் குறைத்தது எனலாம். 1854இல் இங்கிலாந்திலிருந்து வந்த கல்விச் சாசனத்தை அடுத்து உதவித்தொகை முறை ஏற்பட்டு, பின்னர் மாணவரின் தேர்ச்சிக்குத் தக்கபடி ஆசிரியருக்குப் பணம் என்ற விதியும் வந்தபோது, திண்ணை உபாத்தியாயர்கள் இன்ஸ்பெக்டரின் வருகையை எதிர்நோக்கிப் பாடஞ் சொல்லவேண்டியவர்களானார்கள். கேட்டுச் சொல்லுதல் குறைந்து பார்த்து எழுதுதல் மிகுந்தது. நிகண்டு மறைந்து, பாடத்தின் அடியில் அருஞ்சொற்பொருள் அட்டவணை இடம்பெற்றது. அதனால் நேர்ந்த நன்மை சிறிதன்று. சொல்லும் பொருளும் ஒருங்கே பிள்ளையை அடைந்தன. விலையில் மலிந்த புத்தகம் பெண்பிள்ளைகளின் கைக்கும், திண்ணையில் இடம்பெறாத குடும்பங்களின் குடிசைக்கும் மெல்ல மெல்லச் சென்றது. மிகச் சிலருக்கு மிகப் பல சொற்களைத் தந்த பழைய பள்ளியை விட, மிகப் பலருக்குச் சில சொற்களையேனும் பொருளுடன் தந்த புதிய பள்ளியே மேலானது என்பதில் ஐயமில்லை.

எனினும் பழைய பயிற்சியின் பலனை அளந்தறிய நமக்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. மணலில் எழுதி, முறை சொல்லி, நிகண்டையும் சதகங்களையும் நெட்டுருச் செய்து வளர்ந்தவர்தாம் சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தபோது, அவர்முன் இருந்தவை புள்ளியும் நிறுத்தமும் இல்லாத, செல் அரித்த ஏடுகள். மூலம் எது உரை எது என்று பிரிக்கவும், ‘பொன’ என்பது பொன்னா போனவா என்று துணியவும், சிதைந்த அடியில் எத்தனை சீர் குறைகிறது என்று சொல்லவும், அவருக்குத் துணைநின்றவற்றுள் திண்ணையிலே பழகிய செவியும் ஒன்று. குறிகள் இட்ட புத்தகத்தையே படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரியம் எளிதில் கைகூடியிராது.

ஆயினும் நெட்டுருவை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்பது இவ்வரலாற்றின் படிப்பினை அன்று. காற்புள்ளி எங்கே இடவேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு விதிகளை எண்ணி ஒப்பிப்பதற்கு முன், அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, குரல் எங்கே தானாக நிற்கிறதென்று பார்க்கச் செய்யும் ஆசிரியர், நாவலருக்கும் அவருக்கு முந்திய அண்ணாவிகளுக்கும் பொதுவாயிருந்த ஓர் உண்மையைக் கையாளுகிறவர் ஆவார். கரும்பலகையில் புள்ளியின் பெயரை மட்டும் எழுதிப்போடும் வகுப்பில் குறி கிடைக்கும்; அது குறிக்கும் ஓசை கிடைக்காது. தினம் கால்மணி நேரமேனும் உரக்கப் படிக்கும் வேளையைத் தொடக்கப் பள்ளியின் காலஅட்டவணையில் ஒதுக்குவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை, மணல்கூட வேண்டியதில்லை.